கட்டி முடித்த பின் கேட்ட அனுமதி

1

இந்தக் கதை ஒரு பலகையில் தொடங்கியது. மாப்பிள்ளையூரணியில் இந்துமதியின் பலசரக்குக் கடைக்கு முன்னால், வாறுகாலின் மேல் கிடக்கும் பலகை. முன்பு அங்கே சிமென்ட் படிகள் இருந்தன. இப்போது சீனி வாங்கப் போகிறவர்கள் பலகையில் பார்த்துக் கால் வைத்து, கீழே ஓடும் சாக்கடையைத் தரிசித்தபடி கடைக்குள் ஏற வேண்டும். முட்டுவலிக்காரர்கள் தெருவிலேயே நின்று குரல் கொடுக்கிறார்கள். நன்றாக இருந்த படியை ஏன் இடித்தாய் என்று அவளிடம் கேட்டேன். கிடைத்த பதிலை, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கதையாக்கினேன். அதனால்தான் இது பாதி இடிந்த நிலையில் உங்கள் கைக்கு வருகிறது.

(தூத்துக்குடி, கம்பெனி, வழக்கு என்றதும் உங்களுக்குப் பெரிய வழக்கு ஒன்று ஞாபகம் வரும். இது அதுவல்ல. இது சின்ன வழக்கு. இதற்கு டிவி வராது.)

2

தொடக்கம் ஒன்று: "கடல் அன்று அழுதது—"

இல்லை. கடல் அழாது. அழுதவர்கள் கரையில் இருந்தார்கள்.

தொடக்கம் இரண்டு: "துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசையாக நின்ற—"

அவை என்றைக்கு வரிசையாக நிற்கவில்லை?

தொடக்கம் மூன்று: ஒரு ஓடை இருந்தது.

இது போதும். மேற்கே பெய்கிற மழை ஊருக்குள் இறங்கி, உப்பளங்களைத் தாண்டிக் கடலுக்குப் போகிற வழி அது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கும். ஆடு மேயும். அதனால் அதை யாரும் ஓடை என்று மதிக்கவில்லை. ஒரு கம்பெனி அதன் வாயிலேயே சரக்கு அடுக்கி வைக்கக் கிட்டங்கி கட்டிச் சுற்றிலும் மதில் எழுப்பியது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்கவில்லை. (கம்பெனிக்கு நான் பெயர் வைக்கவில்லை. பெயர் வைத்தால் அதற்கு ஒரு வக்கீல் வந்துவிடுவார்.)

2023 டிசம்பரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதை இந்தப் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். ஓடையில் வந்த வெள்ளம் மதிலில் முட்டி, போக வழியில்லாமல் ஊருக்குள் திரும்பியது. இந்துமதியின் கடையில் இடுப்பளவு தண்ணீர். அரிசி மூட்டைகள் ஊறி நாறின. பாசிப்பயறு சாக்குக்குள்ளேயே முளைவிட்டது.

3

[இந்த இடத்தில் ஒரு மரணம் இருந்தது. இடித்துவிட்டேன். செங்கல் சில இன்னும் கிடக்கின்றன: "தண்ணீரில் மிதந்து வந்த சின்னச் செருப்பு—" "ஐஸ்வர்யா, ஐஸ்வர்யா என்று அவள்—" காலில் குத்தாமல் தாண்டி வாருங்கள்.]

4

இந்துமதி பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனாள். வக்கீல் டேவிட்சன் சாத்தான்குளத்துக்காரர், நல்ல மனுஷன், அவளைவிட இளையவர். முதல் நாளே கேட்டார்.

"வீட்ல யாருக்கும் எதுவும் ஆச்சாக்கா?"

"இல்ல தம்பி."

"ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரி?"

"இல்லங்கேன். கடைதான் போச்சு."

அவர் முகம் லேசாக வாடியதை இந்துமதி கவனித்தாள். என் பிள்ளை நன்றாக இருப்பதில் இவருக்கு என்ன வருத்தம் என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

சென்னையில் விசாரணை. கம்பெனி வக்கீல் ஒரு போட்டோவை நீட்டினார். அதில் இந்துமதியின் கடை. கடைக்கு முன்னால் வாறுகாலை மூடிக்கொண்டு மூன்று படிகள். "தண்ணீர் போகிற வழியைப் பற்றிப் பேசுகிற அம்மா கட்டிய படி" என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். படியைக் கட்டியது அவள் புருஷன் ஜெயகணேஷ். தெருவில் எல்லாரும் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் இந்துமதிக்கு உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் காலை ரயிலை விட்டு இறங்கி வந்தவள், பையைக் கல்லாவில் போட்டுவிட்டுக் கடப்பாரையை எடுத்தாள்.

"ஏளா, கோர்ட்டு இடிக்கச் சொல்லிச்சா?" என்றான் ஜெயகணேஷ்.

"சொல்லல."

"பெறவு? அவன் மதில் அங்கன குத்துக்கல்லு மாதிரி நிக்கு. நம்ம படியாலதான் வெள்ளம் வந்துச்சாக்கும்?"

"நாளைக்கு நான் பேசும்போது எவனும் சிரிக்கக்கூடாது."

ஜெயகணேஷ் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு அவனும் ஒரு சம்மட்டி எடுத்து வந்தான்.

(சட்டக் குறிப்பு. விரும்பாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் சட்டம் உங்களைத் தாண்டிப் போகாது. 2024இல் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் அடிப்படை உரிமை என்றது. இந்துமதி அந்தச் செய்தியை வெட்டிக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டினாள். 2025 மே மாதம், முதலில் கட்டவிட்டுப் பிறகு சுற்றுச்சூழல் அனுமதி தருகிற வழக்கம் கூடாது என்றது. அன்று அவள் கடைக்கு வந்த எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தாள், எனக்கும் ஒன்று. நவம்பரில் அதே நீதிமன்றம் மே மாதத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மூன்று நீதிபதிகளில் ஒருவர் மட்டும் திரும்பப் பெறக் கூடாது என்று எழுதினார். மற்ற இருவர் கணக்கில், இடித்தால் போட்ட பணம் வீணாகுமாம். முடிவை எழுதி ஊருக்கெல்லாம் கொடுத்த பிறகு மாற்றுவது என்னைப் போன்ற கதைக்காரனின் புத்தி என்று நினைத்திருந்தேன்.)

கிட்டங்கிக் கம்பெனி உடனே அனுமதிக்கு விண்ணப்பித்தது. அபராதம் கட்டவும் தயார் என்றது. வழக்கு வாய்தாவில் நிற்கிறது. மதில் ஓடையில் நிற்கிறது.

5

கதையை முடித்துவிட்டு, கையெழுத்துப் பிரதியோடு பலகையைத் தாண்டினேன். இந்துமதி துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டே படித்தாள். மூன்றாம் பகுதியில் அவள் கை நின்றது.

"அண்ணாச்சி, எம்பிள்ளைய கொன்னுருக்கிய."

"கதைதானம்மா. பேர மாத்திருதேன்."

"பேர மாத்துனா சரியாப் போச்சா?"

"சனங்களுக்கு உறைக்கணும்லா. ஒரு சாவு இல்லன்னா யாரு படிப்பா?"

அவள் தராசுத் தட்டை இறக்கி வைத்தாள். "டேவிட்சன் தம்பியும் மொதல்ல இதத்தான் தேடுச்சு. தண்ணி போற வழிய மறிச்சது தப்புன்னு சொல்ல ஒரு பொணம் வேணுமா? எம்பிள்ள உசுரோட இருந்தா அவன் மதில் நியாயமாயிருமா?"

நான் பிரதியை வாங்கக் கை நீட்டினேன். அவள் விடவில்லை.

"எழுதி முடிச்சிட்டுல்லா வந்து கேக்கிய. அவனும் கட்டி முடிச்சிட்டுத்தான் கேக்கான்."

"முன்னுரையில ஒனக்கு நன்றி போடுதேன்."

"அவன் அபராதம் கட்டுதேங்கான்."

அவள் குரல் உயரவே இல்லை. பிரதியைக் கவனமாக மடித்து என் கையில் கொடுத்தாள். "நான் எம்படிய இடிச்சேன். நீங்க இந்த மூணாம் பாகத்த இடிச்சிட்டு வாங்க. பெறவு பாப்போம்."

உள்ளதைச் சொல்கிறேன்: கதையிலேயே நன்றாக வந்தது அந்தப் பகுதிதான். இவ்வளவு உழைப்பும் வீணா என்று வழியெல்லாம் முணுமுணுத்தேன். அப்போதுதான் அந்த நவம்பர் தீர்ப்பை எழுதியவர்களின் மனசு எனக்குப் புரிந்தது. புரிந்தும் கோபம் குறையவில்லை. ஒரு நல்ல பத்தியைக் காப்பாற்ற நானே ஒரு குழந்தையைத் தண்ணீரில் முக்கத் துணிந்தேன் என்றால், கிட்டங்கியைக் காப்பாற்ற எதையெல்லாம் முக்குவார்கள் என்று கோபம் கூடியது. வீட்டுக்கு வந்து அந்தப் பகுதியை அடித்துவிட்டேன். ஐஸ்வர்யா பிழைத்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கல்லாவில் உட்கார்ந்தால் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுக்கிறாள்.

6

முடிவு அ, மே மாதம் எழுதியது: ஜேசிபி வருகிறது, மதில் விழுகிறது, ஓடை கடலைப் பார்க்கிறது. நவம்பரில் கிழித்தேன்.

முடிவு ஆ: கிட்டங்கிக்கு அனுமதி வருகிறது, மதிலோரம் மரக்கன்று நட வேண்டும் என்ற நிபந்தனையோடு. இதை எழுதக் கற்பனை தேவையில்லை.

முடிவு இ: அடுத்த மழை. "அன்று இரவு மறுபடியும் தண்ணீர்—"

எழுதமாட்டேன். இதற்கும் ஒரு பிணம் கேட்கும்.

இடித்த பிரதியை இந்துமதி மறுபடி படித்தாள். சரி என்றாள். முடிவை என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கடையின் கீழ்த்தட்டைக் காட்டினாள். வெள்ளத்துக்குப் பிறகு அங்கே பிளாஸ்டிக் வாளியும் விளக்குமாறும்தான். அரிசி, பருப்பு எல்லாம் மேல்தட்டில். ஒவ்வொரு மூட்டையையும் தூக்கி இறக்கி ஜெயகணேஷுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது.

"என்னைக்கு நான் பயமில்லாம அரிசி மூட்டைய தரையில எறக்குதனோ, அன்னைக்கு வந்து முடிவ எழுதுங்க."

நேற்றும் போனேன். தேவையில்லாமல் ஒரு கிலோ சீனி வாங்கினேன். கீழே வாளிகள்தான்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் பலகையில் பார்த்துக் கால் வையுங்கள். உள்ளே ஏறிக் கீழ்த்தட்டைக் குனிந்து பாருங்கள். அங்கே அரிசி இருந்தால், முடிவை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எழுதுவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.