ஊலூசி மூக்கைச் சுளித்த படம்

ஊலூசியின் வீட்டில் 'இல்லை' என்ற சொல்லுக்கு வேலையே கிடையாது. அந்த ஊரில் ஆமென்றால் புருவம் ஏறும், இல்லையென்றால் மூக்கு சுளியும். கனடாவின் வடகோடியிலிருக்கும் பாஃபின் தீவுக் குளிரில் வாயைத் திறந்து சூட்டை எதற்கு வீணாக்குவது?

எண்பத்து நான்காம் வருஷ வசந்தத்தில் தெற்கிலிருந்து பிலிப்பா என்றொரு அம்மாள் கேமராவோடு வந்து இறங்கினாள். கடல்நாய் வேட்டையை நிறுத்தச் சொல்லும் சங்கத்துக்காரி. ஆண்களிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கொல்வது ஆண், மனம் நோவது பெண் என்று விமானம் ஏறும்போதே முடிவு கட்டிவிட்டாள் போலும்.

ஊலூசி தரையில் அட்டை விரித்து, புருஷன் ஜேப்பீட்டி காலையில் கொண்டுவந்த கடல்நாயின் தோலிலிருந்து பிறைக்கத்தியால் கொழுப்பைச் சீவிக்கொண்டிருந்தாள். வாசல் தாண்டும்வரைதான் கடல்நாய் அவனுடையது. தாண்டிவிட்டால் கறி யாருக்கு எவ்வளவு, தோலில் என்ன தைப்பது என்பதெல்லாம் ஊலூசி வைத்ததுதான் சட்டம். அவள் தைத்த பூட்ஸில் நீர் கசிந்தால் அவனால் பனிக்கட்டிமேல் நிற்க முடியாது. ஜேப்பீட்டி நல்ல வேட்டைக்காரன் என்று யாராவது புகழ்ந்தால், 'அவ ஊசியைச் சொல்லு' என்று ஊரார் திருத்துவார்கள். இதையெல்லாம் பிலிப்பா விசாரிக்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் ஊலூசிக்குப் புரியும்படி மெதுவாகக் கேட்டாள்.

"இந்த ரத்த வேலையெல்லாம் உங்க வீட்டுக்காரர் கட்டாயப்படுத்தித்தானே செய்யறீங்க?"

ஊலூசி அழுத்தமாக மூக்கைச் சுளித்தாள். கேமரா சொடுக்கியது. பிலிப்பா கண் கலங்கி அவள் தோளைத் தொட்டாள். பதில் சொல்லியாயிற்று என்று ஊலூசி டீ ஊற்றிக் கொடுத்தாள்.

அக்டோபரில் ஒட்டாவாவிலிருந்து மகள் லீத்தியா போன் செய்தாள். பன்னிரண்டு வயதில் படிக்கப் போனவள். ஆறு வருஷமாகத் தெற்கத்தி முகங்களையே பார்த்து வளர்ந்தவள். பஸ் நிறுத்தத்தில் சுவரொட்டியாம். ஒரு பக்கம் வெள்ளைக் கடல்நாய்க் குட்டி ஒன்று. ஊலூசி அந்த ஜாதிக் குட்டியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். மறுபக்கம் ஊலூசியின் முகம். கீழே, 'அவளுக்கே அருவருப்பு. உங்களுக்கு?' என்று எழுதியிருக்கிறதாம்.

"உனக்கே பிடிக்கலைன்னா எதுக்கும்மா எனக்கு பூட்ஸ் தச்சு அனுப்பினே? பாக்குறவங்க காறித் துப்புறாங்க. தூக்கிப் போட்டுடறேன்."

ஊரான் தப்பாகப் படித்தால் போகிறது. பெற்ற மகளே தன் முகத்தைத் தெற்கத்தியாளைப்போலப் படிக்கிறாளே. பதிலுக்கு ஊலூசி மூக்கைச் சுளித்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

போனில் மூக்கு தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தாள். அவள் போட்ட சத்தத்தில் மூலையில் துப்பாக்கி துடைத்துக்கொண்டிருந்த ஜேப்பீட்டி நிமிர்ந்து பார்த்தான்.

"இல்லைடி. அது 'இல்லை'ன்னு சொல்ற மூஞ்சி. யாராவது கட்டாயப்படுத்துறாங்களான்னு அவ கேட்டா, இல்லைன்னேன். நீ பேச்சு வர்றதுக்கு முன்னாடியே கத்துக்கிட்டது அதுதான். பால் போதும்னா மூக்கைத்தான் சுளிப்பே. மறந்துட்டியா?"

ஊலூசி விடாமல் கேட்டாள்.

"இப்ப சொல்லு. பூட்ஸைத் தூக்கிப் போடப் போறியா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு லீத்தியா மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா, நான் மூக்கைச் சுளிச்சுக்கிட்டு நிக்கிறேன். போன் கூண்டுக்கு வெளியே நிக்கிறவன் ஒரு மாதிரி பாக்குறான்."