வரைபடத்தில் இரண்டு நிறம்

பாதி முகம் சவரம் ஆகியிருந்தபோது ஆர்வில் ஸ்ட்ரோம் மூச்சை நிறுத்திக்கொண்டார். நெல்டா ரேசரைத் தண்ணீரில் அலசிவிட்டுத் திரும்பினாள், அப்பா இல்லை. மணி மூன்று பத்து. ஆக்ஸிஜன் இயந்திரம் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அதை அணைத்தாள். மிச்சக் கன்னத்தையும் மழித்து, நுரையைத் துடைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

பண்ணையின் பெரிய வீட்டிலிருந்து கர்டிஸ் சேற்று பூட்ஸோடு ஓடி வந்தான். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"நர்ஸுக்குச் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்லடா."

"சொல்லாத. சொன்னா சாவு பதிவாயிடும். அஞ்சரைக்குக் கூட்டம் இருக்கு."

நெல்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். இதையும் நினைக்க வேண்டுமா இப்போது! ஆனால் நினைக்காமல் எப்படி? விவசாய மண்டலத்தில் ஒரு பண்ணைக்கு ஒரு வீடுதான். இந்த இரண்டாவது வீடு, நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காகக் கவுண்டி நிர்வாகம் கொடுத்த தற்காலிக அனுமதியில் நிற்பது. நோயாளி போய்விட்டால் மூன்று மாதத்தில் வீடும் போக வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன் டவுனில் இருந்த சொந்த வீட்டை விற்றுத்தான் இந்த நகர்த்தும் வீட்டை வாங்கி, லாரியில் இழுத்துவந்து நிறுத்தினாள். இப்போது அவளுக்கு அறுபத்தொன்று. வேறு கூரை கிடையாது.

கவுண்டியின் பெருந்திட்டத்தில் இதே நிலம் மஞ்சள், அதாவது குடியிருப்பு. மண்டல வரைபடத்தில் பச்சை, விவசாயம். இருபது வருஷமாக இரண்டும் ஒத்துப்போகவில்லை. "நிலம் என்னவோ ஒண்ணுதான், ரெண்டு ஆபீஸ்காரனும் ரெண்டு பெயின்ட் அடிச்சு வச்சிருக்கான்" என்று ஆர்வில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இன்று மண்டலத்தைத் திட்டத்தோடு பொருத்தப் போகிறார்கள். மஞ்சளாகிவிட்டால் வீடு நிற்கும். ஆனால் இந்தச் சுற்றில், உரிமையாளர் சம்மதித்த நிலங்கள் மட்டுமே. நிலம் அப்பா பேரில் இருந்தது.

"நீ போய் அப்பாவுக்குச் சம்மதம்னு சொல்லிட்டு வந்துடு" என்றான் கர்டிஸ். "நான் கூட உக்காந்திருக்கேன். ரெண்டு மணி நேரம். அவருக்கு இப்ப என்ன அவசரம்?"

"வாய் கூட மூடலடா அவருக்கு."

"நான் பாத்துக்கறேன். கெளம்பு."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. சட்டையில் சோப்பு நுரை காய்ந்திருந்தது. அதன் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். முன்னால் நீள மேஜை, நடுவில் தலைவர் லெஸ்டர் குவாம். அப்பாவோடு நாற்பது வருஷம் மான் வேட்டைக்குப் போன ஆள். பேசுகிறவருக்குத் தலைக்கு மூன்று நிமிடம். சுவரில் கடிகாரம் பின்னோக்கி ஓடும். ஒருவன் சாக்கடை பற்றிப் பேசினான். இன்னொருத்தி பக்கத்து வீட்டு நாய்களைப் பற்றியே மூன்று நிமிடமும் பேசினாள். நெல்டாவுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அப்பாவுக்குப் போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டோமா என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஆர்வில் ஸ்ட்ரோம்" என்று கூப்பிட்டார் லெஸ்டர்.

நெல்டா மைக்குக்கு வந்தாள். கடிகாரம் ஓடத் தொடங்கியது.

லெஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வாம்மா நெல்டா. எப்படி இருக்கான் கெழவன்? இன்னும் உன்னைப் போட்டு வாட்டுறானா?"

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நல்லா இருக்கார், சம்மதம்னு சொல்லச் சொன்னார். அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே. அது அவளிடம் மிச்சமில்லை.

"இன்னிக்கு மூணு மணிக்குப் போயிட்டார், லெஸ்டர்."

யாரோ காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஓரத்தில் இருந்த கவுண்டி வக்கீல் காகிதத்தைப் பார்த்தபடி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்கம்மா. ஆனா... உரிமையாளர் இல்லாதப்ப இந்த நிலத்தை லிஸ்ட்லருந்து எடுத்துத்தான் ஆகணும். வாரிசு பேருக்கு மாறினப்புறம், அடுத்த வருஷச் சுற்றுல வைக்கலாம்."

"தெரியும்" என்றாள் நெல்டா.

"அந்த ரெண்டாவது வீடு..." என்று ஆரம்பித்தான்.

"மூணு மாசம். அதுவும் தெரியும் தம்பி. எடுத்துடறேன்."

குரல் உடையப் போகிறது என்று பயந்தாள். உடையவில்லை. "நான் போகணும். அவருக்கு இன்னும் சட்டை மாத்தல" என்று சொல்லிவிட்டு நடந்தாள். வழியில் இருந்தவர்கள் நாற்காலிகளை இழுத்து ஒதுங்கினார்கள். கதவு அவளுக்குப் பின்னால் மூடியது.

செயலர் அடுத்த பெயர் எழுதிய சீட்டை லெஸ்டர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைக் கையால் மூடி வைத்துக்கொண்டார். ஆர்விலின் நேரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் நான்கு நொடி பாக்கி இருந்தது. அது சுவரில் ஓடி முடியும்வரை அவர் யாரையும் கூப்பிடவில்லை.