வாளி தூக்காத மீன்கள்

என் மருமகளுக்கு இரண்டாம் மாதமே கரு கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சரியாகப் படுக்கக்கூட இல்லை, அதற்குள் என் அக்கா பஞ்சாயத்தைத் தொடங்கிவிட்டாள். மாடிக்குத் தண்ணி வாளி தூக்கினாளாம், அதனால்தான் போச்சாம். கொஞ்ச நாள் பிறந்த வீட்டில் இருக்கட்டும் என்றாள். அக்காவின் கொஞ்ச நாள் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாதா? என் மகனோ பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

எனக்குப் படிப்பு ஏறவில்லை. படித்தவர்களை நம்புவதும் இல்லை. ஒரு விஷயம் தெரியாது என்று சொல்ல அவர்களுக்கு வாயே வராது. என் மகளே ஆராய்ச்சி மாணவிதான். கருவில் எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்று மீன் முட்டையை வைத்துப் பார்க்கிறாளாம். மீனைக் குழம்பு வைக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பதற்கு ஒரு படிப்பு.

வீட்டுச் சத்தம் பொறுக்காமல், அவள் மறந்துவிட்டுப் போன சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். மைக்ராஸ்கோப்பில் குனிந்து, தட்டில் வெளுத்துக் கிடந்த முட்டைகளைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் செத்தவை. அப்படியே விட்டால் தண்ணீர் கெட்டு மற்றவையும் சாகுமாம்.

"ஏன் செத்துச்சு? நீ ஏதும் பண்ணியா?"

"இந்தத் தட்டுல நான் கையே வைக்கலப்பா. முதல்ல தாய் முட்டைக்குள்ள வச்சு அனுப்புனத வச்சுதான் கரு வளரும். அப்புறம் அதோட சொந்த மரபணு எல்லாம் ஒழுங்கா விழிக்கணும். அதுல கோளாறு வந்தா சிலது அங்கேயே நின்னுடும்."

"தாய் மீன் ஒண்ணும் பண்ணலையா?"

"அது வாளியா தூக்குச்சு? முட்டைய விட்டுட்டு அது பாட்டுக்கு நீந்துது."

மனுஷருக்கும் ஆரம்பத்திலேயே போவது பெரும்பாலும் கருவுக்குள் வரும் கோளாறால்தானாம். அண்ணிக்கு எதனால் போனது என்று மட்டும் தனக்குத் தெரியாது என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மற்றதையும் நம்பினேன்.

திரும்பி வந்தால், அக்கா மருமகளின் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. மகள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"அம்மா செங்கல் சுமந்துக்கிட்டேதான் உன்னை வயித்துல சுமந்தா. நீ என்ன கலைஞ்சா போன? கல்லு மாதிரி நிக்குற."

உன் மகள் சொன்னால் வேதமா என்று அக்கா முனகினாள். இந்த வீட்டை விட்டு யாராவது போகணும் என்றால் அது நீதான் என்றேன். பையை அப்படியே போட்டுவிட்டு நகர்ந்தாள்.

மருமகள் எழுந்து வந்து புருஷன் முன்னால் நின்றாள். "நீங்க சொல்லுங்க. என்னாலதான் போச்சா?"

அவன் அத்தையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "எனக்கு எப்படித் தெரியும்?" என்றான்.

அவள் பையை இழுத்து மூடினாள். "நானே போறேன் மாமா."

இப்படி ஒருத்தனோடு இரு என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மகன் அவசரமாகச் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தான்.

"நீ எங்கடா வர்ற?" என்றேன். "உள்ள போய் உன் அத்தை மடியில உட்காரு."