ஒரு கையால் திறக்கும் பை

விடியற்காலை ஷிப்டில் எங்களுக்கு முதல் வேலை, மெஷினில் இருக்கும் ஒட்டும் பாரைச் சூடேற்றுவது. அது ஒரு கனத்த இரும்புக் கட்டை. சூடு ஏற ஏற, முந்தின ஷிப்டின் பிளாஸ்டிக் பிசிறுகள் கருகி அந்த நெடி தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிலிம் உருளைகளைத் தோளில் சுமந்து வந்து மாட்டுவோம். பிலிமைத் தொட்டால் சுள்ளென்று மின்சாரம் இழுக்கும். இரும்பு வாசலில் வெளிச்சம் வருவதற்குள் ஜாக்கெட் நனைந்து முதுகில் ஒட்டியிருக்கும்.

வாயில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைகள்தான் எங்கள் கம்பெனியின் சரக்கு. திறந்து திரும்ப மூடிக்கொள்ளலாம். பக்கத்து மெஷினில் என் நாத்தனார். வாயாடி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கதை சொல்லுவாள்.

"அண்ணி, இந்தப் பைக்கு வாய் ஒண்ணுதான். அதை மூடறதுக்கு நம்ம இத்தனை பேரை வெச்சிருக்காங்க பாருங்க!"

"உன் வாயை மூட யாரை வெக்கறதாம்?"

"எனக்கு இன்னும் ஜிப் தைக்கலை அண்ணி."

அந்த மாதம் மாத்திரை போட்டு வைக்கும் புதுப் பை ஒன்று வந்தது. மாடியில் கண்ணாடி போட்ட டிசைன் அறையில் வரைந்தது. கை நடுங்குகிறவர்கள், ஒரு கை வராதவர்கள், யார் தயவும் இல்லாமல் ஒரு கையாலேயே திறந்து மாத்திரையை எடுத்துக்கொள்ளலாம். நல்ல யோசனைதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதன் ஜிப் பட்டை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தடிமன். தடிமனான பட்டையின் மேல் பார் கொஞ்சம் கூடுதல் நேரம் அழுந்தினால்தான் உருகி ஒட்டும். அப்படியானால் மெஷின் மெதுவாக ஓட வேண்டும். முதலாளியோ வேகத்தைக் கூட்டச் சொன்னார். ஆர்டர் பெரியதாம், அவசரமாம்.

சரியாக உருகாத பட்டை உருண்டையாகத் திரண்டு பாரில் ஒட்டிக்கொள்ளும். உடனே எடுக்காவிட்டால் அடுத்து வரும் பையெல்லாம் ஓட்டை. ஓட்டைப் பைக்குக் கூலி கிடையாது.

பாரின் முன்னால் ஒரு கண்ணாடி மூடி உண்டு. அதைத் திறந்தால் மெஷின் தானாக நிற்கும்படி ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறான் செய்தவன். நின்றால் உற்பத்தி போகுமே! அதனால் சூப்பர்வைசர் மெஷினுக்கு ஒன்றாகக் காந்தம் கொடுத்திருந்தார், சட்டைப் பொத்தான் அளவில். அதைச் சுவிட்சின் மேல் ஒட்டிவிட்டால், மூடி திறந்து கிடந்தாலும் மூடியிருப்பதாகவே மெஷின் நம்பும். பார் மேலே எழும்புகிற அந்தக் கண நேரத்தில் கையை விட்டு உருண்டையைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். நாங்களும் பழகிக்கொண்டோம். மனுஷக் கைக்கு இதுவா பழக்கம்? சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு நாள் காலை வாயாடி தன் மகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே கையை விட்டாள். அவள் அலறவில்லை. பேச்சு பாதியில் நின்றது. அதனால்தான் நான் திரும்பிப் பார்த்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் பாருக்கு அடியில் இருந்தன. அந்த வாசனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. பார் எழும்பியதும் அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன்.

ஓடி வந்த சூப்பர்வைசர் அவளைத் தொடக்கூட இல்லை. சுவிட்சில் இருந்த காந்தத்தைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மெஷின் நின்றது.

மறுநாள் முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்தார். கட்டிலின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் வீட்டுக்காரர். அவர் அதே கம்பெனியில் லோடு வண்டி ஓட்டுகிறவர், வாயாடிக்கு அண்ணன். முதலாளி புதுப் பை ஒன்றை எடுத்துப் போர்வையின் மேல் வைத்தார்.

"கவலைப்படாதேம்மா. இனிமே உனக்கு மெஷின் வேலையே வேண்டாம். மேல டிசைன் ரூம்ல உக்காந்துக்கோ, ஏசியில. இந்தப் பை ஒரு கையால சுலபமா திறக்குதான்னு பாத்துச் சொன்னாப் போதும். இதுவரைக்கும் நல்லா இருக்கறவங்க கையைப் பின்னாடி கட்டிவெச்சுத்தான் பாத்தோம். நீன்னா நெஜமாவே..."

சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"நெஜமாவே என்ன சார்?" என்றேன்.

"பொருத்தமா இருக்கும்னு சொல்ல வந்தேன்."

விரலை வாங்கிக்கொண்டு அதற்கே வேலை கொடுக்கிறார் மகராசன்!

"நாளைக்கு பேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றார். உன்னையும் வந்து கேப்பார். பழக்கத்துல நானேதான் மூடியைத் திறந்து கையை விட்டேன்னு சொல்லிடு. கீழ மெஷின்ல நிக்கறவங்களும் அதையே சொல்லட்டும். அப்புறம் உன்னைப் பாத்துக்கறது என் பொறுப்பு."

"மூடியைத் திறந்தா மெஷின் நின்னிருக்கணுமே சார்?"

"நிக்கலைன்னா அது சுவிட்ச் ரிப்பேர். நீ எதுக்கும்மா நடுவுல பேசறே?"

அவர் போன பிறகு வாயாடி இடது கையால் அந்தப் பையை எடுத்தாள். கட்டை விரலால் ஒரு தள்ளு. பை திறந்துகொண்டது. மூடினாள், திரும்பத் திறந்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்காங்க அண்ணி" என்றாள். அடிபட்ட பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஒத்துக்கோம்மா. போன விரல் வரப்போறதில்லை. வேலையாவது மிஞ்சும். உன் மக படிப்பு உன்னை நம்பித்தானே இருக்கு?"

"தெரியும்ணா. ராத்திரியெல்லாம் அதைத்தான் நெனச்சிட்டுப் படுத்திருந்தேன். என் தப்புன்னு நான் சொல்லிட்டா, நாளைக்கு அடுத்தவ கை போனாலும் அவ தப்புன்னுதானே ஆகும்? என் பக்கத்து மெஷின்ல யாருண்ணா நிக்கறா? உன் பொண்டாட்டி."

அவர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார்.

"நான் சொல்ல மாட்டேன் அண்ணி. ஆனா நான் ஒருத்தி மாட்டேன்னா எடுபடாது. மெஷின்ல நிக்கற யாரும் அந்தப் பொய்யைச் சொல்லக் கூடாது."

மறுநாள் பொழுது விடியும் நேரத்தில், உடை மாற்றும் அறையில் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன். கடைசி மெஷினில் நிற்கும் அக்கா முணுமுணுத்தாள்.

"உனக்குப் புருஷன் சம்பாத்தியம் இருக்கு. எனக்கு இதை விட்டா எது?"

"உன் மெஷின்லயும் அதே பார்தானேக்கா இறங்குது?"

மெஷின்களுக்குப் போனதும் எல்லோரும் காந்தத்தைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டோம். அவளும் கழற்றினாள். எங்களோடு நிற்கவா, சூப்பர்வைசரிடம் கொடுக்கவா என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

சூப்பர்வைசர் வந்து உள்ளங்கையை நீட்டினார். "காந்தத்தையெல்லாம் குடுங்க, சீக்கிரம். அந்த ஆளு கண்ணுல பட்டா மாட்டிக்குவோம்."

"யாரு மாட்டிக்குவா? நாங்களா, நீங்களா?" என்றேன்.

நீட்டிய கை வெறுமனேதான் திரும்பிப் போனது.

இன்ஸ்பெக்டர் முதலாளியோடு சேர்ந்தே வந்தார். கையில் முதலாளி கொடுத்த டீ. வாயாடியின் மெஷின் முன்னால் நின்று பொதுவாகக் கேட்டார். "மூடியை யாரும்மா திறந்தது?"

"அதான் சொன்னேனே சார், அந்தப் பொண்ணேதான்" என்றார் முதலாளி.

"நானும் திறப்பேன் சார்."

திரும்பிப் பார்த்தால், கடைசி மெஷின் அக்கா. "தினமும் திறப்பேன். திறந்து கையை விட்டாத்தான் இந்த வேகத்துல ஓட்ட முடியும். இதை ஒட்டிக்கன்னு குடுத்தது அவர்தான்." சூப்பர்வைசரைக் காட்டிவிட்டு, கையிலிருந்த காந்தத்தை மெஷினின் இரும்பில் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது. அடுத்து நான் வைத்தேன். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து வைத்தார்கள். அந்த டக் டக் சத்தத்தில் முதலாளியின் முகம் வெளிறிப்போனது.

இன்ஸ்பெக்டர் டீயைக் கீழே வைத்தார். சுவிட்சைப் பார்த்தார், எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ, எங்களுக்குக் காட்டவில்லை. அவர் கார் வாசலைத் தாண்டியதும் முதலாளி வெடித்தார்.

"சோறு போட்ட இடத்துக்கே உலை வெக்கறீங்களா? நாளையிலேருந்து ஒருத்தியும் உள்ள வரக் கூடாது!"

"சோத்தை நாங்க சம்பாதிச்சுத் திங்கறோம் சார். நீங்க போடலை" என்றேன். "ஆர்டரை முடிச்சுத் தர்றோம். மூடியை மூடி, நிதானமாத்தான் ஓட்டுவோம். அவளுக்கு அடிபட்டதுக்குக் கம்பெனிதான் பொறுப்புன்னு நீங்க ஒத்துக்கணும். அவ வேலை அவளுக்கு வேணும், பொய் சொல்லாம."

வேகத்தைக் குறைத்து ஓட்ட ஆரம்பித்தோம். உருண்டை திரளவில்லை, பை ஓட்டையாகவில்லை. மாடிப்படியில் இறங்கி வந்த, அந்தப் பையை வரைந்த டிசைன் அறைத் தம்பி ஒரு பையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இந்த வேகம்தான் சார் இதுக்கு. நான் அன்னைக்கே சொன்னேன்" என்றான்.

"நீ மேல போடா!"

அவன் போகவில்லை. சூப்பர்வைசர் வேகத்தைக் கூட்டும் குமிழை நோக்கிக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் லோடு வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரர் குறுக்கே நின்றார். பின்னாலேயே லோடு ஏற்றும் ஆட்கள்.

"தள்ளுப்பா."

"மாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. நாளைக்கு வாசலைப் பூட்டுவார்களோ, ஆளை மாற்றுவார்களோ, எங்களுக்குத் தெரியாது. பூட்டினால் வாசலிலேயே எல்லோரும் உட்காருவது என்று மெஷினுக்கு மெஷின் சொல்லி அனுப்பிவிட்டோம்.

சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என் போன் அடித்தது. வாயாடி. இரைச்சலில் நான் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. போனை மெஷின் பக்கம் நீட்டிப் பிடித்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தேன்.

"அண்ணி! மெதுவா ஓடுதே... யாரு குறைச்சது?"

"எல்லாரும்தான்டி" என்று அவளுக்குக் கேட்கும்படி கத்தினேன்.