மூன்று மூலை மஞ்சள்

புதுத்துணியோ பத்திரிகையோ, மூலையில் மஞ்சள் படாமல் எங்கள் வீட்டைவிட்டு எதுவும் வெளியே போகாது. பரீட்சை ஹால் டிக்கெட்டையும் நான் விடவில்லை. அதிலிருந்த கியூஆர் கோடின் மூன்று மூலைகளிலும் மூன்று கட்டங்கள், பொட்டு வைக்கவே போட்டதுபோல் இருந்தன. குழைத்த மஞ்சளை அழுத்தி வைத்தேன். நாலாவது மூலையில் கட்டம் இல்லையே என்று குறையும் பட்டுக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

அரசு நர்ஸ் வேலைக்கு எனக்கு இதுதான் கடைசிப் பரீட்சை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். கறம்பக்குடி பஸ் தாமதமாகி, புதுக்கோட்டையில் பரீட்சை மையத்தின் கேட்டை அடைந்தபோது ஒன்பதாக ஐந்து நிமிஷம். ஒன்பதுக்குப் பூட்டிவிடுவார்கள். எனக்குப் பின்னால் ஒரே ஒரு பெண் வந்து நின்றாள்.

கேட்டில் இருந்தவர் தாளில் ஸ்கேனரைக் காட்டினார். சத்தம் வரவில்லை. மறுபடியும் காட்டினார். அப்போதும் இல்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். மஞ்சளோடு மையும் சேர்ந்து வந்தது.

"இங்கிட்டு ஒதுங்குங்க. அவங்க வரட்டும்," என்றார்.

ஒதுங்கினால் என் கதை முடிந்தது என்று தோன்றியது. ஓர் ஆள் நுழையும் வழிதான் அது. அதை அடைத்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்தாள். பெயர் அன்புச்செல்வியாம். நர்ஸ் படித்துவிட்டு மருந்துக் குடோனில் பெட்டி ஸ்கேன் செய்கிறாளாம்.

"நடுவுல புள்ளி கொஞ்சம் அழிஞ்சாலும் மிஷினே கணக்குப் போட்டு நெரப்பிக்கும்க்கா. மூலை மூணும் போனா, அது கியூஆர் கோடுன்னே அதுக்குத் தெரியாது. வெளிய கறுப்புச் சட்டம், உள்ள வெள்ளை, நடுவுல கறுப்புக் கட்டம். பேனாவால வரைங்க."

பேனாவை எடுத்து வரைந்தேன். முதல் கட்டம் கோணிப் போனது. அவள் தாளை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். கேட்டில் இருந்தவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கட்டத்தை முடித்ததும் ஸ்கேனர் கீச்சென்றது. திரையில் என் முகமும் சுடர்விழி என்ற பெயரும் வந்தன. உள்ளே பாய்ந்தேன்.

ஒன்பதாகிவிட்டது; முதுகுக்குப் பின்னால் கேட்டைச் சாத்தினார்கள்.

"சார், நான் அப்பவே வந்துட்டேன் சார்," என்று அவள் சொல்வது கேட்டது. குரல் உயரவில்லை.

வழியை அடைத்தது நான்தான் என்று போய்ச் சொல்லியிருந்தால் ஒருவேளை திறந்திருப்பார்கள். வரைந்த கட்டத்தை இன்னொரு முறை பார்த்து என்னையும் வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்காமல், அறை எண்ணைத் தேடி வேகமாக நடந்தேன்.