திருத்திச் சொன்ன சொல்

காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் மாமா வீட்டுக்குப் போவார்கள். குந்தவை உளவியல் படிக்கப் போனாள். தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எட்டு நாள் அறிமுக வகுப்பு நடத்தினார்கள். அங்கேயே விடுதி, அங்கேயே சாப்பாடு. அரசுப் பள்ளிகளிலிருந்து சிலரைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்படி வந்து சேர்ந்தவள்தான் குந்தவை.

"உளவியலா? பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குற படிப்புல்ல அது?" என்று கேட்டார் அப்பா தங்கையன். கேட்டாரே தவிர, அறுத்த குறுவை நெல்லைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்து அவளை பஸ் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும்போது அம்மா அமிர்தம் ஜன்னலோரம் நின்று, "சொல்லிட்டுப் போடி" என்றாள். "போயிட்டு வர்றேம்மா" என்று குந்தவை சொன்ன பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. அந்த வீட்டில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசல் தாண்ட முடியாது. தெருமுனையில் தயிர் வாங்கப் போனாலும் 'வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். தவறிப்போய் மற்றது வாயில் வந்துவிட்டால், அம்மா அடுப்படியிலிருந்தே அதட்டுவாள். நின்று திருத்திச் சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டலாம். போகிறவர்கள் திரும்பி வர வேண்டுமே என்ற பயம்தான், வேறென்ன?

வகுப்பில் முதல் மூன்று நாள் குந்தவை வாயே திறக்கவில்லை. கூட இருந்தவர்கள் பெரும்பாலும் திருச்சி, தஞ்சாவூர் தனியார் பள்ளிப் பிள்ளைகள். கேள்வி முடிவதற்குள் கை தூக்கிவிடுவார்கள். குந்தவைக்கும் பதில் தெரியும். தமிழில் தெரியும். அதை இங்கிலீஷில் கூட்டிக் கழித்து முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். பேராசிரியர் ஷோபனா நல்ல மனுஷி, சென்னைக்காரர். "தமிழ்லயே சொல்லலாம், தப்பில்ல" என்று தினமும் சொன்னார். அவர் சொல்லும்போதெல்லாம் வகுப்பே குந்தவையைத் திரும்பிப் பார்த்தது. அதற்கு அவர் சும்மா இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

நான்காம் நாள் பாடம், மனசு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதைப் பற்றி.

"பல்லி கத்துச்சு, அதே மாதிரி நடந்துச்சுன்னு சொல்றோம்" என்றார் ஷோபனா. "பல்லி கத்தியும் ஒண்ணுமே நடக்காத நாள் எத்தனை? யாராவது எண்ணினோமா? பயப்படறதுக்கு ஒரு காரணம் கிடைச்சா மனசு அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கும். மத்ததை எல்லாம் மறந்துடும்."

வீட்டுப்பாடமும் கொடுத்தார். அவரவர் வீட்டில் இருக்கும் ஒரு நம்பிக்கை, அது தன்னைப் பயமுறுத்திய ஒரு தருணம், அந்தப் பயத்தைத் தான் யோசித்து ஜெயித்த விதம். மறுநாள் காலையில் சொல்ல வேண்டும். நன்றாகச் சொல்பவர் நிறைவு நாளில் மேடையில் பேசலாம். குந்தவை அந்த மேடைக்கு ஆசைப்பட்டாள். பதினாறு வயதில் ஆசைப்படாமல் எப்போது ஆசைப்படுவது?

சாயங்காலம் ஆறிலிருந்து ஆறரை வரைதான் செல்போன். வார்டன் கமலாம்பாள் ஒரு பிளாஸ்டிக் தட்டில் எல்லாப் போன்களையும் பரப்பி வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அன்றைக்குக் குந்தவையின் போனில் பெயர் பதியாத எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. திருப்பிப் போட்டாள். எடுத்தது அக்கா.

அக்கா மங்கையர்க்கரசியை எல்லோரும் மங்கை என்பார்கள். ஏழு வயது மூத்தவள். குத்தாலம் பக்கத்தில் கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை பிரபு கல்யாணமான நாற்பதாம் நாள் சிங்கப்பூர் போனவன், நடுவில் ஒரே ஒரு தடவைதான் வந்தான். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்று மாமியார் நாள் தவறாமல் குத்திக்காட்டினாள். புருஷன் சிங்கப்பூரில் இருப்பானாம், பிள்ளை மட்டும் குத்தாலத்தில் பிறக்க வேண்டுமாம். கேட்பதற்கு ஒரு நாதி இல்லை. ஆவணியில் மங்கை அழுதுகொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தபோது, நாலு பெரிய மனுஷர்கள் பேசித் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். அதற்கப்புறம் மாமியார் அவள் போனையும் வாங்கி வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ரெத்தினத்தின் போனில்தான் பேசுவாள். போன வாரம், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சியிருந்தாள். அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவியலாகக் கிடந்தது, வானமும் மூடிக்கொண்டிருந்தது. "நெல்லைப் போட்டுட்டு வர்றோம், ரெண்டு நாள் பொறுத்துக்கம்மா" என்றார் அப்பா. ஒரு வாரமாக அதே இரண்டு நாள்தான்.

"சாப்பிட்டியாடி?" என்றாள் மங்கை.

"ஆறு மணிக்கு என்னக்கா சாப்பாடு? சுண்டல் குடுத்தாங்க. நீ எங்கேருந்து பேசுற?"

"ரெத்தினம் அக்கா வீட்லதான்."

"அத்தை ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அவங்க சொல்றதுக்கு என்ன, விடு. உங்க கிளாஸ்ல எல்லாம் இங்கிலீஷ்லயே பேசுதுங்களா?"

"ஆமாக்கா. நான் வாயே தொறக்கல."

"தொறந்து பேசுடி. என்னை மாதிரி இருக்காத."

"அப்பா நெல்லு போட்டதும் வந்து உன்னைக் கூட்டிட்டு வந்துருவாங்கக்கா. கிளாஸ் முடிஞ்சு நானும் வந்துருவேன்."

போனில் அந்தப் பக்கம் எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது.

"சரிடி. நான் போறேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

குந்தவைக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அக்கா அழவில்லை, குறை சொல்லவில்லை. அழாத அக்காவிடம் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. அதுகூடப் போகட்டும், அந்த ஒரு சொல். அமிர்தம் வளர்த்த பெண் வாயில் அது தவறி வராது.

அறைத்தோழி பர்வின் பக்கத்தில்தான் நின்றாள். முத்துப்பேட்டைக்காரி, கடைவீதியில் வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. "என்னா புள்ள, மூஞ்சே சரியில்ல?" என்று கேட்டாள். குந்தவை சொன்னாள்.

"எங்க வூட்லயும் அப்புடி சொல்ல மாட்டோம்" என்றாள் பர்வின். "எங்க உம்மா வெரட்டி வந்து திருத்திட்டுப் போவும். நீ திருப்பிப் போடு புள்ள. இல்லாட்டி உங்க அப்பாவுக்குப் போடு. டைம் இருக்குல்ல?"

ஆறு பத்துதான் ஆகியிருந்தது. குந்தவையின் கட்டைவிரல் 'அப்பா' என்ற பெயருக்கு மேல் நின்றது. அழுத்தியிருக்கலாம். அப்போதுதான் காலையில் கேட்ட பாடம் நினைவுக்கு வந்தது. அக்கா நின்றது பக்கத்து வீட்டில். அங்கிருந்து தன் வீட்டுக்குப் போக வேண்டும். 'போறேன்' என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வாள்? ஊரில் இத்தனை பேர் தினமும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போய், பத்திரமாகத் திரும்பி வந்து சாப்பிட்டுப் படுக்கவில்லையா? அவர்களை யாராவது எண்ணினோமா? பயம் கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. அது விலகிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. நாளைக்குச் சொல்ல அவளுக்கு ஓர் உதாரணம் கிடைத்துவிட்டது. வகுப்பில் எவரிடமும் இப்படி ஒன்று இருக்காது.

அவள் போனைத் தட்டில் வைத்தாள்.

"அக்கா விஷயம் புள்ள இது" என்றாள் பர்வின். "வீட்டுப்பாடம் இல்ல."

"நீ பல்லிக்குப் பயப்படுற கேஸு" என்று குந்தவை சிரித்தாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதி முடித்தாள்.

மறுநாள் காலையில் முதல் ஆளாகக் கை தூக்கினாள். தமிழில்தான் பேசினாள். அம்மா அடுப்படியிலிருந்து அதட்டுவதை நடித்தே காட்டினாள். வகுப்பு சிரித்தது. பிறகு நேற்றைய அழைப்பைச் சொன்னாள். அக்காவின் கஷ்டத்தை விட்டுவிட்டாள், அது குடும்ப விஷயம். 'சரிடி, நான் போறேன்' என்ற இடத்தில் வகுப்பு கப்சிப்பென்று ஆனது. ஷோபனா கரும்பலகையில் 'போறேன்', 'வர்றேன்' என்று இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்.

"பயம் வந்ததும் என்ன பண்ணினே?"

"திருப்பிப் போன் பண்ணலாம்னு இருந்துச்சு மேடம். பண்ணல."

"ஏன்?"

"பண்ணி, அவ எடுத்துப் பேசிட்டா பயம் போயிரும். ஆனா அடுத்த தடவையும் பயந்துதான் பண்ணுவேன். பண்ணாம இருந்தாத்தான் அது பொய்னு மனசுக்குப் புரியும்."

முன்வரிசையில் ஒருவன் கைதட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். "இதை நான் என் எம்.எஸ்ஸி. ஸ்டூடன்ட்ஸ்க்குச் சொல்லப்போறேன்" என்றார் ஷோபனா. "நிறைவு நாள்ல பேசப்போறது குந்தவைதான்." பர்வின் மட்டும் கைதட்டாமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குந்தவை அதைக் கவனித்தாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பதினொன்றரைக்குக் கமலாம்பாள் வகுப்பு வாசலில் வந்து நின்றார். ஷோபனாவை வெளியே கூப்பிட்டுக் காதோடு ஏதோ சொன்னார். ஷோபனா திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தார், பிறகு குந்தவையைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே குந்தவைக்குத் தெரிந்துவிட்டது. பர்வின்தான் கையைக் கொடுத்து எழுப்பினாள்.

தாய்மாமன் வளவன் கார் கொண்டு வந்திருந்தார். விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போன ரெத்தினம்தான் அக்காவை முதலில் பார்த்தாளாம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஷோபனா காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்னை மன்னிச்சிடும்மா" என்றார். வாத்தியாரம்மா எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று மாமாவுக்கு விளங்கவில்லை. கார் நகரும்போது வாய் பழக்கத்துக்கு, "போயிட்டு வர்றேன் மேடம்" என்றது. சொன்ன பிறகு அவளுக்கே காது கூசியது.

மயிலாடுதுறையில், அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு எதிரே ஒரு புங்கமரத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். சேலைக் கரையெல்லாம் சேறு, அதில் நெல் பதர் ஒட்டிக் காய்ந்திருந்தது. கொள்முதல் நிலையத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள். அப்பா காகிதங்களில் கையெழுத்துப் போட உள்ளே போயிருந்தார். மாமியார் வீட்டார் கொஞ்சம் தள்ளி நின்று, பெண்ணுக்குத் தீராத வயிற்றுவலி என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மங்கைக்கு ஒருநாளும் வயிற்றுவலி வந்ததில்லை.

சொல்லிவிடுவது என்றுதான் குந்தவை வந்திருந்தாள். வழியெல்லாம் அதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். அக்கா என்கிட்ட சொன்னாம்மா, நான் சும்மா இருந்துட்டேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் அம்மா முந்திக்கொண்டாள்.

"நேத்து எனக்குப் போன் போட்டாடி" என்றாள். குரல் கட்டிப்போயிருந்தது. "ஆறரை இருக்கும். வெளக்கு வைக்கிற நேரம். தூத்தல் ஆரம்பிச்சிருச்சு, நானும் அப்பாவும் தார்ப்பாயை இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கிறோம். 'நான் போறேம்மா'ன்னா."

குந்தவை அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல என்னடி பேச்சு இது, போயிட்டு வர்றேன்னு சொல்லுன்னு அதட்டுனேன். 'போயிட்டு வர்றேம்மா'ன்னா. சொன்னாடி. சின்னப் புள்ளையில சொல்லுவாளே, அப்புடியே திருத்திச் சொன்னா. எனக்கும் நிம்மதியாப் போச்சு. போனை இடுப்புல சொருவிட்டுத் தார்ப்பாயைப் புடிச்சேன்." அம்மா மூச்சு வாங்கினாள். "எங்கடி போறன்னு கேக்கல. கெளம்புறவங்களை எங்கன்னு கேக்கக்கூடாதுல்ல. அதையும் நான்தானே உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

பிறகு திரும்பி மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"உன்கிட்டயும் பேசினாளாமே, ரெத்தினம் சொன்னா. உன்கிட்ட என்னடி சொன்னா?"

குந்தவை அம்மாவின் சேலையில் ஒட்டியிருந்த பதரை உதிர்த்தாள்.

"சாப்பிட்டியான்னு கேட்டாம்மா."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அம்மா மெல்லத் தலையாட்டினாள். ஏதோ ஒரு சந்தேகம் தீர்ந்த மாதிரி இருந்தது அவள் முகம்.

"அப்ப எனக்கு மட்டுந்தான் சொல்லியிருக்கா" என்றாள். "பெத்தவளாச்சே, இவளுக்காவது புரியும்னு என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கா."

அப்போதும் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும், அந்தப் பாரத்தில் பாதியை இவள் வாங்கிக்கொண்டிருக்கலாம். அம்மா தாங்கமாட்டாள் என்றுதான் சொல்லவில்லை என்று பின்னாளில் குந்தவை தனக்குத்தானே சொல்லிக்கொள்வாளாக இருக்கும். அது பொய். அவள் பயந்தாள்.

அம்மா தன் வாயிலேயே அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. சுற்றி நின்ற பெண்கள் ஓடிவந்தார்கள். குந்தவை அம்மாவின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.