நூற்று ஐம்பத்து மூன்று அண்ணாச்சிக்கு ஓர் இலை

வெள்ளோடையூரில் ஒருவர் உடம்பில் தங்கியிருக்கும் நஞ்சு வெளியேற வேண்டுமென்றால், அந்த நஞ்சே ஆய்வு மையத்துக்கு வந்து நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லி, ஒரு வேளை சாப்பிட்டு, இலையை எதிர்ப்பக்கமாக மடக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

எதிர்ப்பக்கம் என்பது முக்கியம். கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கமாக மடக்குவார்கள், உறவு தொடரட்டும் என்று. துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடக்குவார்கள், இப்படி ஒரு சாப்பாடு இந்த வீட்டில் இனி வேண்டாம் என்று. இது நஞ்சுகளுக்கும் தெரியும். எத்தனை வருஷம் மனிதர்களுக்குள்ளேயே இருந்தவர்கள், இதுகூடத் தெரியாமலா இருக்கும்? போன வருஷம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரின் நஞ்சு, பேச்சு மும்முரத்தில் இலையைத் தன் பக்கமாக மடக்கிவிட்டார். ஆயிரத்து இருநூறு டிகிரி உலைக்குள் அனுப்பியும் பயனில்லை. புகைபோக்கி வழியாக வெளியே வந்து, சாயங்காலம் தபால்காரர் டீ குடிப்பதற்குள் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். ஒருவருக்கு ஒரு முறைதான் அழைப்பு. தபால்காரர் அதோடு சரி.

ஊருக்கு வடக்கே ஒரு காலத்தில் பழைய மின்மாற்றிகளைப் பிரித்துப் போடும் பட்டறை இருந்தது. செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு எண்ணெயை ஓடையில் விடுவார்கள், மிஞ்சியதை எரிப்பார்கள். பட்டறை மூடி முப்பது வருஷம் ஆகிறது. முதலாளி போய்விட்டார், எண்ணெய் போகவில்லை. மண்ணில் இருந்து புல்லுக்கு, புல்லில் இருந்து மாட்டுக்கு, ஓடையில் இருந்து மீனுக்கு என்று நடந்து நடந்து கடைசியில் ஜனங்களின் கொழுப்பில் குடியேறிவிட்டது. கொழுப்பு அந்த எண்ணெயில் இருந்த நஞ்சுகளுக்குப் பிடித்த இடம். மெத்தை மாதிரி இருக்கும் என்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்.

இவர்களை விசாரித்து எழுதும் வேலை செண்பகவல்லிக்கு. எட்டு வருஷமாகச் செய்கிறாள். கறாரான ஆள். ஒரு நஞ்சு தேதியை மாற்றிச் சொன்னால் மூக்குக்கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்ப்பாள், அது தானாகவே திருத்திக்கொள்ளும். இப்போது அவளுக்கு ஏழாம் மாதம், முதல் பிரசவம். தாயின் உடம்பில் இருக்கும் நஞ்சு தாய்ப்பாலில் இறங்கும் என்பதும், முதல் பிள்ளைக்குத்தான் அதிகம் போகும் என்பதும் அவளே எழுதிய கட்டுரையில் இருக்கின்றன. அதற்காகப் பால் கொடுக்காமல் இருக்காதீர்கள், பாலின் நன்மை அதைவிடப் பெரிது என்றும் அவளே அடியில் எழுதியிருக்கிறாள். ஊராருக்கு எழுதும்போது அந்த வரி சுலபமாக வந்தது. தன் வயிற்றைத் தடவிக்கொண்டு படித்தபோது பயமாக இருந்தது.

அதனால் தன் ஒரே அழைப்பை அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வாங்கிக்கொண்டாள்.

காலை பத்து மணிக்கு அவளிடம் எடுத்த ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயின் மூடியைத் திறந்ததும் அண்ணாச்சி இறங்கி வந்தார். அவர் பெயர் நூற்று ஐம்பத்து மூன்று. அவருடைய வகையறாவில் இருநூற்று ஒன்பது பேர், எல்லாருக்கும் எண்தான் பெயர். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. நாற்காலியின் நுனியில் அடக்கமாக உட்கார்ந்தார்.

"நல்லா சாஞ்சு உக்காருங்க அண்ணாச்சி."

"இருக்கட்டும் தாயி. ஒனக்குள்ள முப்பத்து மூணு வருசம் சாஞ்சுதான இருந்தேன்."

முதல் கேள்வி, எப்படி உள்ளே வந்தீர்கள் என்பது. "ஒங்கம்ம பால்லதான் வந்தேன்" என்றார். "தலப்புள்ள நீ. அங்க நாங்க நாப்பது பேர் இருந்தோம், பாதிப்பேர் கெளம்பி வந்துட்டோம். மத்தவன்லாம் ஒவ்வொருத்தனா கரைஞ்சு போயிட்டான், இப்ப நான் ஒருத்தன்தான் மிச்சம்."

எவ்வளவு காலம், எந்த இடத்தில் என்ற இரண்டும் சீக்கிரம் முடிந்தன. நான்காவது கேள்வி, உள்ளே இருந்து என்ன செய்தீர்கள் என்பது. இதற்குப் பெரும்பாலானவர்கள் தலையைச் சொறிவார்கள். செண்பகவல்லி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்கு எட்டு மாசமா இருக்கப்ப எங்கம்ம காமாலையில போயிட்டா. அதுல ஒங்க பங்கு உண்டா?"

அண்ணாச்சி விரல்விட்டு எண்ணினார். "ஓடத் தண்ணியும் மோசம். சாப்பாடும் பத்தாது. உள்ள நாங்க நாப்பது பேரு. யாரால எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியல தாயி. ஆனா எம்மேல தப்பு இல்லன்னு மட்டும் எழுதிராத."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். அவள் படித்த பல அறிக்கைகளில் இவ்வளவு நேர்மை இருந்ததில்லை.

படிவம் முடிந்துவிட்டது. ஐந்தாவது கேள்வி என்று ஒன்று படிவத்தில் கிடையாது. அவளுடைய அப்பா தென்காசியில் வேறு கல்யாணம் செய்துகொண்டு வாயை மூடிக்கொண்டவர். அவளை வளர்த்த சித்தி, அம்மாவின் தங்கை, "நல்லவ" என்ற ஒரு வார்த்தையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அம்மாவுக்கு ஒரு போட்டோகூட இல்லை. அதனால் கேட்டாள்.

"எங்கம்ம எப்படி இருப்பா அண்ணாச்சி?"

"மொகம் பாத்ததில்ல தாயி. உள்ள இருந்தவன்தான? ஆனா ஒங்கம்ம பேச்சி சிரிச்சான்னா நாங்க நாப்பது பேரும் ஒரு பக்கமா சரிஞ்சுருவோம். அப்படி ஒரு குலுக்கு. பஸ்ஸுல ஏறினா மயக்கம் வரும், புளியங்கா கடிப்பா. ஒன்னைய எப்பவும் இடுப்புல எடது பக்கந்தான் வெப்பா. சோத்துக் கைய ஒனக்குத் தரமாட்டா, அந்தக் கையால ஒனக்கு ஊட்டணும்ல." பிறகு, "ஒனக்குப் பால் குடுக்கப்ப மட்டும் உள்ள ஒரு சத்தமும் இருக்காது. நாங்க போறதே கேக்காது" என்றார்.

கோபம் வர வேண்டிய இடம் இது என்று செண்பகவல்லிக்குத் தெரியும். வந்தது நன்றிதான். இந்த உலகத்தில் அவளுக்கு அம்மாவைப் பற்றி நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் சொன்ன ஒரே ஆள் இவர். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ஒரு மணிக்கு இலை போட்டார்கள். தவறு அங்கேதான் நடந்தது.

மையத்தின் சமையல்காரர் ஆவுடையப்பன் வழக்கமாகப் போடுவது தயிர்சாதமும் நார்த்தங்காயும்தான். நல்லதுக்கும் சேராத, கெட்டதுக்கும் சேராத சாப்பாடு, எந்தப் பக்கம் மடக்கினாலும் யார் மனசும் நோகாது. ஆனால் இன்றைக்கு வந்திருப்பது செண்பகவல்லியின் விருந்தாளி, அவளோ பிள்ளைத்தாய்ச்சி. ஆவுடையப்பனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அவியல், சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம், உளுந்த வடை, இலை நுனியில் ஒரு சொட்டுப் பாயசம். போட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நின்றார்.

அண்ணாச்சி இலையைப் பார்த்தார். கை வைக்கவில்லை.

"பாயசம் போட்ட எலைய எதிர்ப்பக்கம் மடக்கச் சொல்லுதீய. அதுவும் புள்ளத்தாச்சி முன்னால. என்னால ஆகாது தாயி. சாப்பிட்டா எம்பக்கமாத்தான் மடக்குவேன். இத்தன வருசம் இடம் குடுத்தவ வீட்ல அப்படி ஒரு மரியாதகெட்ட வேல செய்ய மாட்டேன்."

"தயிர்சாதம் கொண்டாரேன்" என்றார் ஆவுடையப்பன், முகம் செத்துப்போய்.

"போட்ட எலைய எடுத்துட்டு அதுக்குக் கொறஞ்ச எலையா? அது அதவிடக் கேவலம்லா."

அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. உலை வண்டி மூன்று மணிக்கு. அதற்குள் சாப்பிடாவிட்டால் அவர் குழாய்க்குள் திரும்ப வேண்டியதுதான். அங்கிருந்து அவளுக்குள், இரண்டு மாதம் கழித்து பாலோடு பிள்ளைக்குள். பிள்ளை ஒரு முறை புரண்டது.

அண்ணாச்சிக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. இலையைப் பார்த்தபடி, பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னார்: "எனக்கு எல போடுதது இதுதான் மொத தடவ. ஒங்கம்ம பதினாறுக்கு ஊரே வந்து சாப்பிட்டுச்சு. நீ தொட்டில்ல கெடந்த. நான் ஒனக்குள்ள இருந்தேன். எனக்குப் போடணும்னு யாருக்கும் தோணல. நான் அத ஒரு கொறையாச் சொல்லல."

செண்பகவல்லி எழுந்து நின்றாள்.

"ஆவுடையப்பண்ணே, இந்த எலைய வண்டி டிரைவருக்குக் குடுங்க. வாழக்கா இருக்கா? அகத்திக்கீர? பாவக்கா, எள்ளு, பாசிப்பருப்பு?"

"எல்லாம் இருக்கு. ஆனா அது துட்டி வீட்டுச் சாப்பாடுல்லா."

"ஆமா. எங்கம்ம பேச்சித்தாய்க்குப் பதினாறு. அண்ணாச்சி இன்னும் சாப்பிடல."

ஒரு சாப்பாட்டை இன்னொரு சாப்பாட்டால் குறைக்க முடியாது. ஆனால் துக்கத்துக்காக எந்த விருந்தையும் ஒத்திவைக்கலாம். இதை யாரும் மறுக்கவில்லை. அண்ணாச்சிக்கு ஒரு தயக்கம் மட்டும் இருந்தது. "வயித்துப் புள்ளையோட துட்டிச் சாப்பாடு பரிமாறலாமா?"

"மக நான் ஒருத்திதான் அண்ணாச்சி. நான் போடாம யாரு போடுவா?"

ஆவுடையப்பன் நாற்பது நிமிஷத்தில் சமைத்து இறக்கினார். எள்ளுத் துவையலை அவள் கையாலேயே அரைத்தாள். மேஜை மேல் ஒரு விளக்கு ஏற்றி வைத்தார்கள். அவளே குனிந்து குனிந்து பரிமாறினாள், இடுப்பு வலித்தது, நிறுத்தவில்லை.

அண்ணாச்சி ஒவ்வொரு வாயாக, நிதானமாகச் சாப்பிட்டார். பாதியில் அழுதார், கீரையைப் பிசைந்துகொண்டே அழுதார். "நல்ல பொம்பள தாயி" என்றார். "எங்களையெல்லாம் வெச்சுக்கிட்டு ஒரு நாள்கூட மொகஞ்சுளிக்கல."

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. அதனால் சொல்ல வேண்டியதை இருவரும் சாப்பாட்டுக்கு நடுவிலேயே சொல்லி முடித்தார்கள். இருக்க இடம் கொடுத்ததற்கு அவர் நன்றி சொன்னார். அம்மாவைச் சொன்னதற்கு அவள் நன்றி சொன்னாள். மோர் விட்டாள். குடித்தார். பிறகு இலையின் கீழ்ப்பாதியைத் தூக்கி, எதிர்ப்பக்கமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் மடக்கினார். கை கழுவினார். திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியில் ஏறினார்.

அவளுடைய கண் வெகுநேரம் வாசலில் இருந்தது. முப்பத்து மூன்று வருஷம் கூட இருந்த ஒருவர் போனால் அப்படித்தான் இருக்கும்.

நாலரை மணிக்கு உலையில் இருந்து போன் வந்தது. மிஞ்சியது உப்பு, தண்ணீர், கொஞ்சம் கரியமில வாயு. புகைபோக்கியில் யாரும் இல்லை. ஆவுடையப்பன் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார், யாரை என்று குறிப்பாக இல்லை. செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சந்தோஷமாக அழுதாள்.

முகம் கழுவிவிட்டு வந்தபோது வரவேற்பறையில் ஓர் இளம்பெண் ஒயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருபத்து நான்கு வயது இருக்கும்.

"இன்னைக்குத்தான் விட்டாவ" என்றாள் பேச்சித்தாய். "பதினாறுச் சாப்பாட்டுல ஒரு எல பாக்கி இருக்கு, அது முடியாம எங்கயும் போகக் கூடாதுன்னு முப்பத்திரண்டு வருசமா உக்கார வெச்சுட்டாவ. மகளுக்குத் தலப்பிரசவம், நான் போவணும்னா கேட்டாத்தான?"

"எவ்வளவு நாள் இருப்ப?"

"புள்ள நடக்க வரைக்கும் இருக்கலாம்னு சொல்லிட்டாவ. நீ என்ன, கண்ணாடியெல்லாம் போட்டுருக்க?"

ஆவுடையப்பன் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார். இருவரும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். கூடையைச் செண்பகவல்லி வாங்கப் போனபோது, மாசமா இருக்கிறவள் கனம் தூக்கக் கூடாது என்று அம்மா தரவில்லை.

ஐந்தரை மணி பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் காலியாக இருந்தது. கூட்டம் நெருக்கியதில் பேச்சித்தாய் முதலில் போய் அதில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பின்னால் வந்த மகளைப் பார்த்ததும், வயதில் மூத்தவள் உட்காரட்டும் என்று எழுந்து இடம் கொடுத்தாள்.